நிழலுக்குச் சம்பளம் கிடையாது

கேள்வி: ஹாலோவீன் இரவில் அமெரிக்கர்கள் இன்னமும் கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களைத் தேடிப் பார்ப்பது ஏன்? வண்ணப் பேய்க்கு என்ன பஞ்சம்?

பதில்: பேய்க்குப் பஞ்சமில்லை, இருட்டுக்குத்தான் பஞ்சம். 1942இல் ‘கேட் பீப்பிள்’ படத்தைத் தயாரித்த வால் லூட்டனிடம் காசு குறைவு. நீச்சல்குளக் காட்சியில் கருஞ்சிறுத்தையைக் காட்டாமல், சுவரில் ஆடும் நிழலையும் உறுமலையும் வைத்தே ஒப்பேற்றினார்கள். மிச்ச வேலையை, படம் பார்ப்பவரின் பயம் கூலியில்லாமல் செய்து கொடுத்தது. ‘வேறு வழியில்லாமல்தானே கறுப்பு வெள்ளை?’ என்பீர்கள். இயக்குநர் ஹிட்ச்காக் ஏற்கெனவே வண்ணப் படங்கள் எடுத்தவர். ஆனாலும் 1960இல் ‘சைக்கோ’வுக்கு வண்ணம் வேண்டாம் என்றார். குளியலறையில் ஓடிய ரத்தம் வெறும் சாக்லேட் பாகு என்பதை வண்ணம் காட்டிக்கொடுத்திருக்கும், அது வேறு விஷயம். பெலா லுகோசி நடித்த 1931 ‘டிராகுலா’வைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்களா? சிரிக்கட்டுமே. பேய் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் பண்டிகையில் யார் முழுசாகப் பயப்படுகிறார்கள்?