செஞ்சிக்கு எட்டு வருஷம், விகடனுக்கு ஒரு சாயங்காலம்

ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் எங்கள் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மதில், அகழி. கோட்டை கைக்கு வர 1698 ஆகிவிட்டது. பாவம், பழைய காலத்து மனிதர். இன்றைய டெல்லியில் வேலை பார்த்திருந்தால் ஒரு சாயங்காலம் போதும்.

2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் போனும் கையுமாக நின்றவர், டேட்டா தீர்ந்துவிட்டதென்று ரீசார்ஜ்கூடச் செய்திருப்பார். மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் வந்ததோ மறுநாள். முதலில் பூட்டு, பிறகு விசாரணை!

குற்றம் என்ன? இந்தியர்களுக்குக் கைவிலங்கு மாட்டி அமெரிக்கா ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம். டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடனின் இணைய இதழான விகடன் பிளஸ் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. நிஜ விலங்கால் போகாத தேசத்தின் மானம், வரைந்த விலங்கால் போய்விட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு, எதையெல்லாம் தடுக்கலாம் என்று வகை பிரித்திருக்கிறது: இறையாண்மையும் ஒருமைப்பாடும், ராணுவப் பாதுகாப்பு, அரசின் பாதுகாப்பு, அந்நிய நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றத்துக்குத் தூண்டுதல். 'ஆள்பவரைப் பார்த்துச் சிரித்தல்' இதில் இல்லை. அதனாலென்ன? எந்த வகையில் அடைத்தீர்கள் என்று ஊர் கேட்க முடியாதபடி, இந்தப் பிரிவுக்காக வந்த 2009-ஆம் ஆண்டு விதிகளின் 16-ஆவது விதி எல்லாவற்றையும் ரகசியமாக்கிவிட்டது.

வகை பிரிப்பதில் நம்மவர்களின் கைத்திறன் புதிதல்ல. 2006-இல் சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னார்கள். இணைய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையும் மூடின. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள். 2015-இல் ஆபாசம் என்று 857 தளங்களுக்குப் பூட்டு. நகைச்சுவைத் தளமும் அதில் மாட்டியது. சில நாளிலேயே பின்வாங்கினார்கள்.

1987-இல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. அட்டூழியம்தான். ஆனாலும் தண்டித்தது யார், எதற்கு, எத்தனை நாள் என்று ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுவித்தார்கள். இப்போது தண்டிப்பவருக்கு முகமே இல்லை.

மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், பிரதமரின் கேலிச்சித்திரத்தை விகடன் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தடையை நீக்குங்கள் என்றது. அதாவது, ஒரு படத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்குக்காக ஒரு பத்திரிகையின் மொத்தத் தளமும் மூன்று வாரம் முடங்கியது.

தடுப்பதென்றால் உத்தரவை வெளியிடுங்கள். காரணத்தை எழுதுங்கள். கையெழுத்துப் போட்டவர் பெயரைப் போடுங்கள். ஒரு பக்கம் குற்றமென்றால் அந்தப் பக்கத்தோடு நில்லுங்கள். இதற்குத் துணிவில்லையென்றால், இறையாண்மையின் பெயரை இழுக்காதீர்கள்; எங்களுக்குக் கேலிச்சித்திரம் என்றால் பயம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.