சொதிச் சட்டியில் கரண்டி நுழைவது குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: அண்ணனூர். திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே உள்ள இந்த ஊர் மின்சார ரயில் பணிமனைக்குப் பேர் போனது, மீன் சொதிக்கு அல்ல. முன்முடிவுகள் இல்லாத இடத்தில்தான் ஆய்வு சிறக்கும் என்பதால் இதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இப்பகுதியில் மீன் என்றால் சிவப்பு. புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்து ஆட்சி செய்கின்றன. வெள்ளையாக மீன் வைத்தால், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று எதிர்வீட்டில் விசாரிக்கிறார்கள். திருநெல்வேலி மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி உண்டு, ஆனால் அது காய்கறியோடு நின்றுவிடும். மீன் போட்டு வைத்து இடியப்பத்தின் மேல் ஊற்றுவது யாழ்ப்பாண வழக்கம். கொதிக்காத நீரில் மீனை வேகவைத்து, வெண்ணெயும் பாலாடையும் பச்சிலையும் கலந்த சாறு ஊற்றுவது பிரெஞ்சுக்காரர் வழக்கம். சமையல் மேதை எஸ்கோஃபியே 1903இல் அவர்களுடைய சமையலுக்கு இலக்கணமே எழுதிவிட்டார். நம் தரப்பில் நூல் இல்லை; அத்தைமார் இருக்கிறார்கள்.

மீன் சொதி வைக்கும் முறை இது. தேங்காயின் இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள்தூள், தாராளமாகக் கறிவேப்பிலை. வெங்காயம் வெந்து மணம் வந்ததும் தீயைத் தணித்து வஞ்சிரத் துண்டுகளை இறக்க வேண்டும். சட்டி ஓரத்தில் மட்டும் பொடிக் குமிழ்கள் வரலாம், நடுவில் கூடாது. கடைசியில் தலைப்பால். இறக்கிய பிறகே எலுமிச்சையும் கொத்தமல்லியும்.

காரணம் உண்டு. 80 டிகிரியைத் தாண்டினால் தேங்காய்ப்பாலின் புரதம் இறுகத் தொடங்கி, பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். மீன் சதையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜனோ 50-55 டிகிரியிலேயே கரையத் தொடங்கிவிடுகிறது. ஆட்டுக்கறிக்கு இந்த அவசரம் கிடையாது. ஆக, வெந்த மீன் துண்டு என்பது கூட்டணி ஆட்சி மாதிரி, யாரும் தொடாத வரைக்கும்தான் நிற்கும்.

இங்குதான் கரண்டி வருகிறது. சமைப்பவர் யாரும் கிண்டுவதில்லை. தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வருபவரே கிண்டுகிறார். வந்த கை சும்மா போகாது. களத்தில் பதிவான உரையாடல்:

"அத்தே, கொதிக்கவே இல்லையே?"

"கொதிக்கக் கூடாதும்மா. கரண்டிய வெச்சிடு."

"அடி பிடிச்சிடாதா?"

"துணியால சட்டியப் புடிச்சி ஒரு சுத்து சுத்து, போதும்."

இந்த ஒரு சுற்று வலப்புறமா இடப்புறமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. அறிஞர் என்று இங்கே குறிப்பிடப்படுவது மேற்படி அத்தையும் அவர் தங்கையும். சுவையில் வேறுபாடு ஏதும் தென்படவில்லை என்ற ஆய்வு முடிவை இருவருமே ஏற்க மறுத்துவிட்டனர்.

எலுமிச்சைக்குப் பதில் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினால் என்ன என்று மாமா கூடத்திலிருந்து ஒரு விண்ணப்பம் அனுப்பினார். பரிசீலனையின்றி நிராகரிக்கப்பட்டது.