பிள்ளை பிழைக்கும் ஊர்

1988-ல் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்களுக்குப் பம்பாய் ஒரு வெளிநாடுதான். பாஷை வேறு, சாப்பாடு வேறு, மழை பெய்யும் மாதம்கூட வேறு. அப்பாவும் அம்மாவும் மதராஸ் வந்து பம்பாய் மெயிலைப் பிடித்து, என்னைப் பார்க்கத் தாதரில் இறங்கினார்கள். அம்மாவின் பையில் புழுங்கல் அரிசியும் கருப்பட்டியும் சுக்கும் இருந்தன. அப்பா பயத்தைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1966-ல் சிவசேனை தொடங்கியதும் தென்னிந்தியர்களை விரட்டச் சொல்லிக் கூச்சல் கிளம்பியது. ஹோட்டலில் வேலை பார்த்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் அப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அவர் சொன்ன கதைகளை அப்பா மறக்கவில்லை. போதாக்குறைக்கு 1987 தீபாவளிக்கு 'நாயகன்' வந்தது. அதில் வரும் தாராவி, தோட்டா தரணி சென்னையில் போட்ட செட் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. மகன் துப்பாக்கிகளுக்கு நடுவே குடியிருக்கிறான் என்றே அப்பா நம்பினார்.

நான் செம்பூரில் மூன்று பேரோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெற்றோர் வந்தால் காட்டுவதற்கு எல்லோருக்கும் இருந்த பட்டியல்தான் எனக்கும். கேட்வே, மரைன் டிரைவ், தொங்கும் தோட்டம், மகாலட்சுமி கோவில். ஐந்தாம் ஜார்ஜ் 1911-ல் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டத் தொடங்கி 1924-ல் முடித்த வாசல் கேட்வே என்று அப்பாவுக்கு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்: "எய்யா, பாத்ததெல்லாம் சரி. உனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தா இங்க யாரு வந்து பாப்பாங்க?"

பெற்றோர் நம்மைத் தேடி வருவது இதைத் தெரிந்துகொள்ளத்தான். கட்டடம் பார்க்க யாரும் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வருவதில்லை.

மறுநாள் மாட்டுங்கா. 1896-ல் பிளேக் வந்து பம்பாயைச் சூறையாடிய பிறகு, நெரிசலைக் குறைக்க அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை மனையாகப் பிரித்து உருவாக்கிய பகுதி அது. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு ரயில்வேக்கும் வங்கிக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்த தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். ஆஸ்திக சமாஜத்தை நிறுவினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். சண்முகானந்தா சபாவைக் கட்டினார்கள். வாழை இலைக் கட்டு, முருங்கைக்காய், தொடுத்த கனகாம்பரம், கடை வாசலில் கொடியில் தொங்கிய விகடனும் குமுதமும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அம்மாவின் முகம் தெளிந்தது. ஸ்டேஷனை ஒட்டி 1942 முதல் நடக்கும் ராமநாயக் ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். "சோத்துக்குக் கொறயில்ல" என்றார் அம்மா. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவங்க பாலக்காட்டுக்காரங்க மாரில்லா பேசுதாங்க. நம்ம ஊர் ஆளுக எங்க இருக்காங்க?" என்றார்.

நம்ம ஊர் ஆட்கள் இருந்தது தாராவியில். மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, தாராவிக்குள் ஒரு நாளும் கால் வைக்காத தமிழர்களை எனக்குத் தெரியும். பம்பாய்த் தமிழர் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சபாக்களையும் சமாஜங்களையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழில் வந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் அதைத் தேடிப் போனார்கள். பெரிய பள்ளிவாசல் 1887-ல் எழுந்தது. கணேசர் கோவிலை 1913-ல் கட்டினார்கள். சதுப்பு நிலத்தில் மண்ணையும் குப்பையையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அரசாங்கம் யாருக்கும் மனை பிரித்துக் கொடுக்கவில்லை.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பி, எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஒற்றை அறை, மேலே பரண், ஏழு பேர். அப்பா வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியதும் சந்து நிறைந்துவிட்டது. குளம் பெருகியதா, கோவில் கொடைக்கு இந்த வருஷம் யார் பொறுப்பு, இன்னாருடைய மகளைக் கட்டிக்கொடுத்தார்களா என்று கேள்விமேல் கேள்வி. இரண்டு நாளாக அதிகம் பேசாத அப்பா ராத்திரி வரை பேசினார். ஊரில் அந்தக் குடும்பத்தின் தெருவுக்கு வேலையாகப் போவாரே தவிர, யார் வீட்டிலும் உட்கார்ந்தவரில்லை. தாராவியில் அதே வீட்டுப் பாயில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். ஊர் திரும்பியதும் பழைய அப்பாவாகிவிட்டார் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த ராத்திரி நடந்ததும் உண்மை.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொன்னவர் அந்த வீட்டு அம்மாள். "நாங்க எதுக்கு இருக்கோம்? சயான் ஆஸ்பத்திரி பக்கத்துலதான். தூக்கிட்டுப் போயிற மாட்டோமா?" அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அங்கேயே தங்கினோம். விடியுமுன்னே சந்தெல்லாம் இட்லி ஆவி. அண்டாக்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆட்கள் பம்பாய் முழுக்க விற்கக் கிளம்பினார்கள். திரும்பும் வழியில் செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் படியேறி அம்மா நேர்த்திக்கடன் போட்டார். ஊருக்குப் போய் அப்பா எழுதிய முதல் கடிதத்தில் கேட்வேயைப் பற்றி ஒரு வரி இல்லை. தாராவிச் சந்தில் பார்த்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்திருந்தார்.

2025-ல் என் தம்பியும் அவன் மனைவியும் மதுரையில் விமானம் ஏறி வந்தார்கள். அவர்கள் மகன் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம், சொந்தக் கார். தன் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவில் 21.8 கிலோமீட்டர் ஓட்டிப் போனான். பாந்த்ரா-வொர்லி பாலத்தைக் காட்டினான். எங்கள் குடும்பத்துப் பையன் தன் தாயைக் கடல்மேல் காரில் கூட்டிப்போகிறான் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவனுக்குச் சோறும் மருந்தும் போனில் வந்துவிடும். கம்பெனி இன்ஷூரன்ஸும் இருக்கிறது.

ஆனாலும் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "அண்ணே, இவனுக்கு இங்க யாரத் தெரியும்? எதுத்த வீட்டுக்காரர் பேரு கேட்டா முழிக்கான்."

எல்லோரையும் மெட்ரோவில் ஏற்றினேன். அவன் ஆபீஸ் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் தாராவி, 2025 மே மாதம் திறந்தது. "இவ்வளவு பக்கமா பெரியப்பா?" என்றான்.

பழைய சந்து இருந்தது. வீடு மாடி வைத்து உயர்ந்திருந்தது. அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்ட அம்மாளும் அவர் கணவரும் இல்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த மகன் இப்போது தோல் பை தைத்துக் கொடுக்கிறார். அவருடைய பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். கதவில் சர்வே எண் எழுதியிருந்தது. தாராவி மறுசீரமைப்பு டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றதிலிருந்து அந்தச் சந்தில் வேறு பேச்சே இல்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம்.

புதிய வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பொதுக் கக்கூஸ் வாசலில் விடிகாலையில் வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. என் பயம் வேறு. ஒரே சந்தில் தரைத்தளத்துக்காரர் ஒரு பக்கமும் மாடிக்காரர் ஊருக்கு வெளியிலும் போய்விட்டால், காய்ச்சல்காரனை யார் தூக்கிக்கொண்டு போவது? அதை நான்கு தலைமுறையாகச் செய்துவந்தது அந்தச் சந்துதான். 350 சதுர அடிக் கணக்கில் அது வராது.

அந்த வீட்டுக்காரருக்கு இன்னொரு கவலை. 2005 ஜூலை 26 வெள்ளத்தில் பழைய ரேஷன் கார்டு போய்விட்டது. தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க அப்பா ஊர்ல ஒரு காப்பி கொடுத்து வச்சிருந்தாரே, உங்க அத்த வீட்டு டிரங்குப் பெட்டில பாக்கச் சொல்லுங்க" என்றான். அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டார்கள். இரண்டாம் நாள் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அதைக் கொண்டு வாக்காளர் பட்டியலில் பழைய பதிவைத் தேடிக் கொடுத்தவன் தம்பி மகன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சந்துக்குப் போய் மற்ற வீடுகளின் காகிதங்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறான். தம்பி நிம்மதியாக ஊர் திரும்பினான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவியில் உங்கள் உறவினரோ ஊர்க்காரரோ இருந்தால் வீட்டுப் பெட்டியையும் பரணையும் ஒருமுறை பாருங்கள். 2000-க்கு முந்தைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், மின்கட்டண ரசீது எது கிடைத்தாலும் உடனே அனுப்பி வையுங்கள். மும்பையில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், பாலங்களைப் பார்த்த பிறகு ஒரு நாளைத் தாராவிக்கு ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.