எச்சில் தட்டும் மூன்றே முக்கால் மணி நேரமும்

ஒரு தட்டை எச்சிலாக்க மனிதனுக்குக் கால் மணி நேரம் போதும். அதே தட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வீட்டு டிஷ்வாஷர், அதுவும் மகா சிக்கனம் என்று பெயரெடுத்த ஈகோ புரோகிராமில், மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இடைப்பட்ட அந்த நேரம் எங்கே போகிறது, யார் கணக்கில் வரவாகிறது என்பதே இங்கே ஆய்பொருள். அறிஞர் எவரும் இதுவரை தொடாத துறை என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. இந்தத் துறையில் அந்த மரபு செல்லாது. ஐரோப்பாவில் இதற்காகச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆட்களைக் கூட்டிவந்து பாத்திரம் தேய்க்கச் சொல்லி நேரம் குறித்திருக்கிறார்கள். ஆகவே இக்கட்டுரையை மூலநூலாகக் கொள்ளாமல் உரையாகக் கொள்க.

உரை என்றால் முதலில் எதிர்த்தரப்பு. அதைப் பாட்டி கட்சி எனலாம். பாட்டி என்பது இங்கே உறவுமுறையன்று, ஒரு தத்துவப் பள்ளி. முப்பது வயதுக்காரர்களும் இதில் உறுப்பினர்கள். இக்கட்சியின் கொள்கை ஒரே வரியில் அடங்கும்: "மூணு மணி நேரமா? அதுக்குள்ள நான் கழுவிக் கவுத்துட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருச்சிருப்பேனே!" இதற்கு விடை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களை, ஆக மொத்தம் 140 உருப்படிகளை, ஒப்படைத்து வழக்கம்போலக் கழுவச் சொன்னார்கள். சராசரியாக 79 நிமிடம் ஆயிற்று. 103 லிட்டர் தண்ணீர் செலவாயிற்று. ஜெர்மானியர் 46 லிட்டரில் முடித்தார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல்காரர்கள் 170 லிட்டர் வரை போனார்கள். இதே சுமையை ஒரு நல்ல டிஷ்வாஷர் சுமார் பத்து லிட்டரில் முடித்துவிடுகிறது.

பாட்டி கட்சி இதற்கும் அசராது. அந்த நூற்றுச்சொச்சம் பேரில் ஒருவர்கூட 2019 கோடையில் சென்னையில் குடித்தனம் நடத்தியவர் இல்லையே என்று கேட்கும். ஏரிகள் வற்றி லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டிய அந்த மாதங்களில், இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு குடும்பத்தின் பாத்திரம் முழுவதையும் தேய்த்து அலசி, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றியவர்களை எந்தப் பல்கலைக்கழகமும் அளக்கவில்லை. நியாயமான ஆட்சேபம். தண்ணீரில் பாட்டிக்குத் தோல்வி இல்லை என்று இங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. நேரத்திலும் பாட்டிக்கே வெற்றி: 79 நிமிடம் எங்கே, மூன்றே முக்கால் மணி நேரமாகிய 225 நிமிடம் எங்கே! ஆனால் அந்த 79 நிமிடமும் பாட்டி சிங்க் முன்னால் நின்றாக வேண்டும். எந்திரத்தின் 225 நிமிடத்துக்கு யாரும் நிற்க வேண்டியதில்லை. நின்ற நேரம் வேறு, நிற்காத நேரம் வேறு. இதைப் பிரித்தறியாமல் இவ்விஷயத்தில் ஓர் அடிகூட நகர முடியாது.

இனி வரலாறு. 1850இல் ஜோயல் ஹூட்டன் என்ற அமெரிக்கர் கையால் சுற்றும் மரப் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது பாத்திரத்தை நனைத்தது, அவ்வளவுதான். உருப்படியான எந்திரம் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில்லில் பிறந்தது. விருந்துக்குப் பின் வேலையாட்கள் கழுவும்போது தன் பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைவதைப் பொறுக்காத ஜோசஃபின் காக்ரேன் என்ற சீமாட்டி, கம்பிக்கூட்டில் தட்டுகளை நிறுத்தி அவற்றின் மேல் சோப்பு வெந்நீரைப் பீய்ச்சும் ஏற்பாட்டைச் செய்து, 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. ஓட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை, ஏனெனில் அன்றைய வீடுகளில் அவ்வளவு வெந்நீருக்கு வழியில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த அம்மையாரின் கேள்வி "உடையாமல் கழுவுமா?" என்பதே. "எத்தனை மணிக்கு முடியும்?" என்ற கேள்வி பின்னால் வந்தவர்களின் இடைச்செருகல்.

ஓட்டல் கிளை இன்றும் இருக்கிறது. பெரிய உணவகத்தின் பின்கட்டில் மூடியைத் தூக்கி, தட்டு அடுக்கிய கூடையைத் தள்ளி, மூடியை இறக்கினால் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கடைசி அலசல் 82 டிகிரி வெந்நீரில். ஒரே வம்சத்தில் ஒரு பங்காளிக்கு இரண்டு நிமிடம், இன்னொரு பங்காளிக்கு மூன்றே முக்கால் மணி நேரம் என்றால் சொத்துப் பிரித்ததில் ஏதோ நடந்திருக்கிறது. நடந்தது என்னவென்றால், ஓட்டல் எந்திரம் நாள் முழுக்க ஒரு தொட்டி வெந்நீரைச் சூடாகவே வைத்திருக்கும். கையில் பட்டால் தோலை உரிக்கும் காரம் அதில் ஓடும். எலும்பையும் சோற்றையும் முன்கூட்டியே வழித்துப்போட ஓர் ஆள் நிற்பார். வீட்டு எந்திரத்துக்கு இவை மூன்றும் இல்லை.

இதற்கான சூத்திரத்தை 1959இல் ஹெர்பர்ட் சின்னர் வகுத்துக் கொடுத்தார். ஹென்கெல் சோப்புக் கம்பெனியில் வேதியியலாளர். அழுக்கு நீங்க நான்கு வேண்டும் என்றார்: ரசாயனம், இயக்க விசை, வெப்பம், நேரம். நான்கும் சேர்ந்து ஒரு வட்டம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவதொன்றைக் கூட்டியாக வேண்டும். வட்டத்தின் பரப்பு குறையாது. சபீனாவையும் தேங்காய் நாரையும் வைத்துக்கொண்டு நம் வீடுகளில் நெடுநாளாக நடைமுறையில் இருந்த அறிவுதான். ஆனால் வட்டம் போட்டுக் காட்டியவருக்கே பெயர்.

இந்த வட்டத்துக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். முதலில் ரசாயனத்தில் கை வைத்தார்கள். பாஸ்பேட் ஏரிகளில் பாசியை வளர்க்கிறது என்று 2010 ஜூலையில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் டிஷ்வாஷர் பொடியில் அதைக் கிட்டத்தட்ட ஒழித்தன. 2017 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் வரம்பு கட்டியது. அடுத்து வெப்பம்: மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்குவதிலேயே போவதால் டிகிரியைக் குறைத்தார்கள். பிறகு தண்ணீர், தண்ணீர் குறைந்தால் பீய்ச்சும் வேகமும் குறையும். மூன்றும் இளைத்தன. வட்டமோ இளைக்க மறுக்கிறது. மிஞ்சியது நேரம். மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, தண்ணீருக்கு மீட்டர் உண்டு, ரசாயனத்துக்குச் சட்டம் உண்டு. நேரத்துக்கு மட்டும் மீட்டர் கிடையாது. ஆகவே எல்லாரும் அதிலிருந்தே எடுத்துச் செலவழித்தார்கள். இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு இவ்வளவே. மீதி எல்லாம் விளக்கம்.

தண்ணீர் சூடாகத்தானே இவ்வளவு நேரம் என்று சிலர் கொள்வர். அது பொருந்தாது. ஐரோப்பாவின் நல்ல எந்திரம் ஒரு ஈகோ ஓட்டத்துக்குச் சுமார் முக்கால் யூனிட் மின்சாரம் எடுக்கிறது. 2000 வாட் ஹீட்டர் அந்த முக்கால் யூனிட்டை இருபத்திரண்டு, இருபத்து மூன்று நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். அப்படியானால் மீதி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஹீட்டர் சும்மா இருக்கிறது என்று ஆகிறது. (மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் பாதிச் சூட்டில்தான் வரும். அதனால் மிச்சமாவது மின்சாரம். நேரத்தில் சில நிமிடம் குறைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.)

சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? பெரும்பாலும் காத்திருப்பு. பொடியிலுள்ள நொதிகள், ஒன்று மாவுச்சத்தையும் இன்னொன்று புரதத்தையும், மிதமான சூட்டில் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டிருக்கும். கொதிக்கவைத்தால் அவையே செத்துப்போகும். அவசரப்படுத்த முடியாத ஊழியர்கள். பல எந்திரங்களில் தண்ணீரை மிச்சம் பிடிக்க மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் ஒரே நேரத்தில் பீய்ச்சாமல் மாற்றி மாற்றிப் பீய்ச்சுவார்கள். ஒரு தட்டு குளிக்கும்போது மற்றது ஈரத்தோடு காத்திருக்கும். கடைசியில் காயவைத்தல். பல எந்திரங்களில் இதற்கெனத் தனியாகச் சூடு கிடையாது. இறுதி அலசலில் சூடான பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்து, குளிர்ந்த எஃகுச் சுவரில் படிந்து வடிய வேண்டும். பீங்கான் சூட்டைப் பிடித்துவைக்கும், பிளாஸ்டிக் பிடிக்காது. கடையில் ஸ்வீட் வாங்கிய டப்பா எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தாலும் தண்ணீர் சொட்டுவது இதனால்தான். நாற்பது ரூபாய் டப்பா என்று எந்திரம் இளப்பமாக நினைப்பதால் அன்று.

சோதனைக்கூடத்தின் எச்சில் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. ஐரோப்பியத் தரச் சோதனையில் பாத்திரங்களில் எதைப் பூச வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள்: அரைத்த இறைச்சி, முட்டை, பால், தேநீர், ஓட்ஸ் கஞ்சி, பசலைக்கீரை, மார்ஜரின். பூசி, காயவைத்து, பிறகு கழுவி, வெளிச்சத்தில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பட்டியல் பரவாயில்லை. ஆனால் இட்லித் தட்டின் குழியில் காய்ந்த மாவு இல்லை. புளியும் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்த வத்தக்குழம்பு இல்லை. போஷ் நிறுவனம் இந்தியாவில் விற்கும் சில மாடல்களில் கடாய்க்கென்றே 70 டிகிரியில் ஒரு புரோகிராம் வைத்திருப்பதைப் பார்த்தால், நம் அடுப்படியின் கனத்தை யாரோ ஒரு ஜெர்மானியப் பொறியாளர் உணர்ந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

2021 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு டிஷ்வாஷரின் லேபிளிலும் ஈகோ ஓட்டத்தின் நேரம் மணி, நிமிடக் கணக்கில் அச்சாகிறது. அ முதல் ஃ வரை மதிப்பெண் போடுவதுபோல ஆங்கிலத்தின் முதல் ஏழு எழுத்துகளில் தரம் பிரிக்கும் அந்த லேபிள், அந்த ஏழு எழுத்துகளிலும் மின்சாரத்தையே தரம் பிரிக்கிறது. நேரத்தைச் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. கூடவே இன்னொரு விதி: பாத்திரத்தை முதலில் கையால் அலசிவிட்டுப் போட வேண்டாம், அதில் தண்ணீரும் மின்சாரமும் வீண் என்று கையேட்டில் அச்சிட வேண்டும். கழுவிய பாத்திரத்தையே கழுவப் போடும் மாமியார்களும் மருமகள்களும் ஐரோப்பாவிலும் உண்டு என்பதற்கு இதைவிட உறுதியான ஆவணம் கிடைக்காது.

அமெரிக்காவில் விஷயம் அரசியலாயிற்று. ஒரு காலத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலிருந்த ஓட்டம் சிக்கன விதிகளால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் கழுவும் எந்திரங்களுக்கு விதியிலிருந்து விலகிய தனி வகுப்பு வேண்டும் என்று 2018இல் ஓர் அமைப்பு எரிசக்தித் துறைக்கு மனுப் போட்டது. டிரம்ப் 2020 தேர்தல் மேடைகளில் டிஷ்வாஷரில் தண்ணீர் போதவில்லை, பல தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது என்று முழங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் தனி வகுப்பு பிறந்தது. ஆட்சி மாறி 2022இல் இறந்தது. 2024 ஜனவரியில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அதைக் கொன்றது முறையாக யோசித்துச் செய்ததன்று என்று சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. எந்திரம் சரியாகக் கழுவாவிட்டால் மக்கள் கையால் முன்கழுவல் செய்வார்கள், பிறகு என்ன சிக்கனம் என்பது நீதிபதிகளின் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், வேகமான வகுப்பு வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் எந்திரம் தயாரிப்பவர்களின் சங்கமும் ஒன்று. விற்பவரே வேண்டாம் என்ற பொருளுக்காக ஆறு ஆண்டு இழுபறி நடந்தது.

டிஸ்ப்ளேயில் தெரியும் நேரம் தனி இயல். அது கடிகாரமன்று, ஜோசியம். கலங்கல் நீரை உணரும் சென்சார் உள்ள எந்திரம், தண்ணீரைப் பார்த்துத் தன் மனத்தை நடுவழியில் மாற்றிக்கொள்ளும். இரண்டு மணி பத்து நிமிடம் என்றது சட்டென்று ஒன்றரைக்கு இறங்கும். கடைசியில் "1" என்ற எண்ணில் வந்து நின்றுகொண்டு நகராது. இயற்பியலில் விளக்கப்படாத இந்த நிமிடத்தில்தான், காபி ஃபில்டரின் கீழ்ப்பாத்திரம் உள்ளே மாட்டிக்கொண்டது நினைவுக்கு வரும். எந்தப் பாத்திரம் உடனே வேண்டுமோ அதுவே உள்ளே இருக்கும் என்பது விதி. நடுவில் கதவைத் திறக்கலாமா என்றால் திறக்கலாம். எந்திரம் நின்று ஆவி மூக்குக்கண்ணாடியில் அடிக்கும், எடுத்த பாத்திரத்தில் நொதி வழுவழுக்கும்.

தீர்ப்பு வருமாறு. டிஷ்வாஷர் மெதுவானதன்று, மூன்று பேர் கடனையும் தன் தலையில் போட்டுக்கொண்டது. மூன்றே முக்கால் மணி நேரத்தைக் குறை சொல்பவர் கூடுதல் கரண்டும் கூடுதல் தண்ணீரும் கேட்கவில்லை, பக்கத்தில் நிற்காமல் இருக்கத் தெரியாமல் தவிக்கிறார். எனவே வாசகர்களுக்கு வேண்டுகோள்: சோற்றை மட்டும் வழித்துப்போட்டுவிட்டு, அலசாமல் அடுக்கி, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஈகோவில் போட்டுவிட்டுப் படுங்கள். காபி ஃபில்டரைக் கையால் கழுவிக்கொள்ளுங்கள். காலையில் பாத்திரத்தை யார் இறக்கி அடுக்குவது என்பதை மட்டும் படுக்கப் போகுமுன் பேசி முடித்துவிடுங்கள். அதற்கு எந்த நாட்டிலும் இன்னும் சட்டம் வரவில்லை.