சிலந்தியஞ்சும் மாப்பிள்ளை

சிலந்தியஞ்சும் மாப்பிள்ளை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் காணப்படுபவர். கிழக்கே எழுவான்கரையில் சற்று வெளிப்படையாக, மேற்கே படுவான்கரையில் சற்று மறைவாக. சிலந்திக்குப் பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. ஆனால் இந்த வகை முழு வளர்ச்சி பெறுவது இங்கேதான். அதற்குக் காரணம் வீடு யாருடையது என்பதில் இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் தமிழரிடையேயும் சரி, முஸ்லிம்களிடையேயும் சரி, வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்தவர் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். முக்குவர் சமூகத்தின் தாய்வழிச் சொத்துரிமை பற்றிய முக்குவச் சட்டத்தை 1876இல் சி. பிறிற்றோ நூலாக்கினார். சொத்து எவரிடமிருந்து எவருக்குப் போகும் என்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. சுவரில் இருக்கும் சிலந்தி அடங்கவில்லை. நடைமுறையில் அதுவும் ஓடு, யன்னல், கிணறு இவற்றோடு சேர்த்துத் தாயிடமிருந்து மகளுக்கு வந்துவிடுகிறது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கும் நாளில் அது ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறது.

வெளித்தோற்றத்தில் இவரை அடையாளம் காண முடியாது. பெரும்பாலும் தைரியசாலி என்று பெயர் எடுத்தவராகவே இருப்பார். படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவரென்றால் இரவில் யானை காவலுக்குப் பரணில் தனியே படுத்திருப்பார். யானை வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்தி எறிவார். வரம்பில் புடையன் கிடந்தால் சுற்றிப் போகத் தெரியும். முதலை இருக்கும் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்களிலும் இவர் உண்டு. வெளியூர்க்காரராக, உத்தியோகத்தில் வந்து இங்கே கலியாணம் முடித்தவராக இருந்தால் இன்னொரு தைரியமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று அவரை ஊரில் எல்லோரும் எச்சரித்து அனுப்பியிருப்பார்கள். அதற்கும் அஞ்சாமல் வந்து ஒட்டிக்கொண்டவர் அவர். ஒட்டிக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட பூச்சியிடம்தான் ஆட்சேபம்.

சாப்பாட்டிலும் இவரிடம் ஒரு முரண் உண்டு. வாவி நண்டுக் கறி என்றால் சட்டி வழித்துச் சாப்பிடுவார். பத்துக் கால்களையும் ஒவ்வொன்றாக ஒடித்து, உறிஞ்சி, கோப்பையின் ஓரத்தில் அடுக்குவார். நண்டும் சிலந்தியும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாராவது அந்த நேரம் சொன்னால், பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும்.

இவருடைய பயம் எல்லாச் சிலந்திக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கூரை மூலையில் ஒட்டறை கட்டித் தலைகீழாகத் தொங்கும் நெட்டைக்கால் சிலந்தியை இவர் பொருட்படுத்துவதில்லை. சுவரில் தாவித் தாவி ஈ பிடிக்கும் குட்டைச் சிலந்தியை இரசிக்கவும் கூடும். அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: வலை கட்டாமல் சுவரில் அப்பிக்கொண்டு இருக்கும், உள்ளங்கை அளவு வரக்கூடிய, தவிட்டு நிறப் பெருஞ்சிலந்தி. 1767இல் லின்னேயஸ் இதற்கு வேட்டைக்காரி என்று பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். இன்று அதன் முழுப் பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. வாழைக்குலைகளோடும் சரக்குகளோடும் கப்பலேறி வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. உடம்பு தட்டையானது. கால்கள் நண்டைப் போல் பக்கவாட்டில் விரியும், ஆகவே கலண்டருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளி அதற்குத் தாராளம். முகத்தில் கண்வரிசைக்குக் கீழே வெண்ணிறப் பட்டை ஒன்று ஓடும், நரைத்த மீசை மாதிரி. எட்டுக் கண்ணும் மீசையுமாக அது உற்றுப் பார்க்கும்போது, இறந்துபோன மாமனாரின் ஞாபகம் வருகிறது என்று சொல்கிற மாப்பிள்ளைமாரும் உண்டு.

அதன் முக்கிய உணவு கரப்பொத்தான். சிலந்தி இருக்கும் வீட்டில் இரவில் குசினி லைட்டைப் போட்டால் ஓடுகிற கூட்டம் குறைவாக இருக்கும். இந்தக் கணக்கை மாப்பிள்ளையிடம் விளக்கினால் தலையாட்டுவார். தலையாட்டிக்கொண்டே சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்.

சந்திப்புக்கென்று காலமும் இடமும் உண்டு. மாரி தொடங்கி நிலம் ஊறியதும் பூச்சி புழுவெல்லாம் வீட்டுக்குள் ஏறும். தின்பவை ஏறினால் தின்னிகளும் ஏறும். 2010இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் வெள்ளம் வடியாமல் நின்றபோது சிலந்திகள் மரங்களில் ஏறி, முழு மரத்தையும் வலையால் போர்த்தியிருந்த படங்களை உலகமே பார்த்தது. மட்டக்களப்பில் காட்சி அத்தனை பெரிதில்லை. மழைக்கோட்டின் கைக்குள் ஒன்று, ஹெல்மெட்டுக்குள் ஒன்று, சுவரில் பெரிதாக்கி மாட்டிய கலியாணப் படத்துக்குப் பின்னால் ஒன்று. கலியாணப் படத்துக்குப் பின்னால் இருப்பது நிரந்தரக் குடி. விருந்தாளிகள் படத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் தலைக்கு மேலே சட்டத்தின் ஓரத்தில் இரண்டு கால்கள் வெளியே நீட்டித் தெரியும். மனைவி அதைக் கண்டும் காணாததுபோல் தேத்தண்ணி பரிமாறுவாள்.

ஆனால் பெரும்பாலான சந்திப்புகள் குளியலறையில்தான் நடக்கின்றன. மனிதன் ஆயுதம் இல்லாமல், அணிந்திருப்பதும் அதிகம் இல்லாமல் போகும் அறை அது. சிலந்தி சுவரில் இருந்தால் மாப்பிள்ளை வெளியே வந்துவிடுவார், அது சின்ன விசயம். கதவின் உள்பக்கத்தில், கொண்டிக்கு மேலே இருந்தால்தான் சிக்கல். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் ஊஸ்ட் 1989இல் இத்தகைய பயங்களுக்கு ஒரே அமர்வில் சிகிச்சை அளிக்கும் முறையை விவரித்தார். அஞ்சும் பொருளைப் படிப்படியாக நெருங்கப் பழக்குவது, அதிகபட்சம் மூன்று மணி நேரம். பயிற்சி பெற்றவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்பது அதில் முக்கியம். கொண்டிக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு நேரம் கிடைக்கிறது, நெருக்கமும் கிடைக்கிறது, பக்கத்தில் இருப்பவர்தான் இல்லை. ஆகவே குணமாவதும் இல்லை.

உள்ளே இருந்து முதலில் வருவது சத்தம் இல்லை. தண்ணீர் ஊற்றும் ஓசை நின்றுபோவதுதான். பிறகு தொண்டையைச் செருமுகிற ஒலி. பிறகு மனைவியின் பெயர், வழக்கத்தைவிட மரியாதையான குரலில். மூன்றாவது முறை பெயர் வரும்போது அது பக்கத்து வளவுக்கும் கேட்கும்.

"என்னகா, மருமகன் சத்தம் போடுறாரு?" என்று மாமி குசினியிலிருந்து கேட்பார்.

"ஒண்டும் இல்லம்மா. எட்டுக்கால் பூச்சி."

"அது நம்மட வீட்டில கிடக்கிற பூச்சிதானே. மறுகா என்ன?"

இந்த "மறுகா என்ன"வுக்கு மாப்பிள்ளையிடம் இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த கட்டம் அளவை. கண்டவுடன் சிலந்தி ரூபாய்க் குற்றி அளவில் இருக்கும். மாமியிடம் சொல்லும்போது சிரட்டை. மறுநாள் கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கந்தோருக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பச்சட்டி. பொய் சொல்கிறார் என்று தீர்மானித்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலந்திக்கு அஞ்சுவோரை உயிருள்ள பெருஞ்சிலந்திகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிறகு அவற்றின் அளவைக் கோடு போட்டுக் காட்டச் சொன்னார்கள். பயம் கூடியவர்கள் போட்ட கோடும் நீண்டிருந்தது. 2012இல் வெளிவந்த முடிவு இது. ஆகவே மாப்பிள்ளை கண்டது உண்மையாகவே அப்பச்சட்டிதான். சுவரில் இருந்ததுதான் வேறு.

சிலந்தி பற்றிய அறிவு இவருக்குக் குறைவு என்றும் நினைக்க வேண்டாம். ஊரில் அதிகம் படித்திருப்பவர் இவரே. மாங்குளம் கதையை இவரைப் போல் சொல்ல ஆளில்லை. 2009இல் வடக்கே மாங்குளத்தில் கிராமத்தவர்கள் செத்த சிலந்தியொன்றை ஆய்வாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கால்விரிவு சுமார் 20 சென்ரிமீற்றர், ஆள் முகத்தளவு. தேடிப் போனபோது பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்திலும் அது அகப்பட்டது. தேடலுக்குத் துணைநின்ற பொலிஸ் அதிகாரியின் பெயரால் பீசிலோதேரியா ராஜேயி என்று பெயரிட்டு, 2012இல் புதிய இனமாக விவரித்தார்கள். அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் அதைப் போட்டன. சிங்களத்தில் இந்த வகைப் பெருஞ்சிலந்திகளைச் சிறுத்தையோடு சேர்த்து திவி மகுளுவா என்பார்கள். கடித்தால் நோவும் தசைப்பிடிப்பும் நாட்கணக்கில் இருக்கும் என்பதும் உண்மை. முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் வாழ்பவை இவை. மரம் போனால் கட்டடத்துக்கு வரும். இவ்வளவையும் ஆண்டு தவறாமல் சொல்லும் மாப்பிள்ளை, அது தன் வீட்டுச் சுவரில் இருப்பதல்ல என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிடுவார்.

உடம்பில் ஏதாவது கொப்புளம் கண்டால் குற்றவாளி உடனே தீர்மானிக்கப்பட்டுவிடும். தமிழும் இதற்கு உடந்தை: சிலந்தி என்ற சொல்லுக்கே பூச்சி என்றும், உடம்பில் வரும் கட்டி என்றும் அகராதியில் இரண்டு பொருள் உண்டு. விடிய எழும்பும்போது கழுத்தில் கோடு இழுத்தாற்போல் எரிகிற புண் பல வேளைகளில் சிலந்தியின் வேலையே இல்லை. வயல்புறத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும் சிவப்பும் கறுப்புமான சின்ன வண்டு ஒன்று உண்டு. அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. நித்திரையில் அதை நசித்துவிட்டால் அதன் உடற்சாறு தோலைப் பொசுக்கும். வண்டை நசித்தவர் மாப்பிள்ளை. விசக்கடிப் பரியாரியாரிடம் பெயர் கொடுக்கப்படுவது சிலந்திக்கு.

ஆயுதங்கள் விடயத்தில் இவர் தாராளமானவர். தும்புத்தடி, செருப்பு, பூச்சி மருந்து டப்பா, சுருட்டிய பத்திரிகை என்று எல்லாவற்றையும் எடுத்து வருவார். ஒன்றையும் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் கிட்டப் போகவேண்டும். தூரத்தில் நின்று மருந்தடித்தால் சிலந்தி ஓடும். ஓடினால் எங்கே போனது என்று தெரியாது. தெரிகிற சிலந்தியைவிடத் தெரியாத சிலந்தி பெரிது. தப்பித்தவறி எங்காவது செத்துக் கிடந்தாலும் நம்பமாட்டார். சிலந்தி காலை நீட்டுவது உடற்திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தம் போய்க் கால்கள் உள்ளே மடங்கிவிடும். மாப்பிள்ளையின் கண்ணுக்கு அது பாய்வதற்குப் பதுங்கி இருக்கிறது.

கொல்லச் சொல்லவும் இந்த ஊரில் வழியில்லை. சைவ வீடென்றால் மாமி திருவானைக்காக் கோயில் கதையை எடுப்பார்: இலிங்கத்துக்கு மேலே வலையால் பந்தலிட்டு, அதை யானை கலைக்கப் பகைகொண்ட சிலந்தி, அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத கோயில்களாகக் கட்டிய கதை. யானைத் தொல்லையுள்ள படுவான்கரையில் அந்தக் கட்டட முறைக்குத் தனி மரியாதை. முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பக்கம் போனால், தவ்ர் குகை வாசலில் வலை பின்னி நபிகளாருக்கு அரணாக நின்ற பூச்சியை அடிக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். குர்ஆனின் 29ஆம் அத்தியாயமே சிலந்தியின் பெயரில்தான் இருக்கிறது. இரு கதைகளுக்கும் நடுவில் செருப்போடு நிற்பவருக்கு ஒதுங்க இடமில்லை.

ஆகவே வேலையை மாமி முடிக்கிறார். கருவி இரண்டு: அரிசி அளக்கும் சுண்டு, நேற்றைய கலண்டர்த் தாள். சுண்டைச் சிலந்தியின்மேல் மெல்லக் கவிழ்ப்பார். ஓரத்தால் தாளைச் செருகுவார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஒதுங்கி வழி விடும்வரை காத்திருந்து, வளவு முருங்கையடியில் விடுவார். முட்டைப் பையை வட்டத் தட்டுப்போல் வயிற்றின் கீழ் அணைத்தபடி இருக்கும் தாய்ச் சிலந்தியென்றால் தாளை இன்னும் பக்குவமாகச் செருகுவார். அந்தப் பைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் இருக்கும் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லமாட்டார். சுண்டு கழுவப்பட்டு அரிசிப் பானைக்குத் திரும்பும். அன்று இரவு மாப்பிள்ளை பாண் வாங்கிச் சாப்பிடுவார்.

பயம் பிள்ளைகளுக்குப் போகிறதா என்பது வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிலந்தி, பாம்புப் படங்களையும், பூ, மீன் படங்களையும் காட்டிப் பார்த்தார்கள். முதல் இரண்டைப் பார்க்கையில் கண்மணி கூடுதலாக விரிந்தது. மாப்பிள்ளை இதைத் தனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்வார். அழவோ ஓடவோ செய்ததாக அதில் இல்லை, பார்வை மட்டும் கூர்மையானது. மேற்கொண்டு அஞ்சுவதா, சுண்டு எடுப்பதா என்பதை வீட்டில் பார்த்துத்தான் பழக வேண்டும். மகள் அம்மம்மாவின் பின்னால் நடக்கிறாள். மகன் அப்பாவோடு கதிரைமேல் நிற்கிறான். அவனும் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் பெட்டியோடு போக வேண்டியவன்.

இருபது, இருபத்தைந்து வருடத்தில் இந்த வகையின் சுற்று ஒருமுறை முடிகிறது. மகளுக்குக் கலியாணம் பேசி, பெரிய வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய மாப்பிள்ளையும் மனைவியும் அதே வளவில் சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். கலியாணப் படத்தைக் கழற்றி எடுத்துவரும் பொறுப்பு மனைவியுடையது. அதன் பின்னால் இருந்தது சுவரோடு தங்கிவிடும். மாரி வரும். ஒரு நாள் விடிய, பெரிய வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் ஓசை நிற்கும். தொண்டை செருமும் ஒலி கேட்கும். இப்போது மாமா ஆகிவிட்ட பழையவர் வாசித்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பி, கதவிலிருந்து ஐந்து பாகம் தள்ளி நிலையெடுத்து, "பயப்படாதீங்க மருமகன், அது நம்மட வீட்டுப் பூச்சிதான்" என்று உரத்துச் சொல்வார். சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பி, சுண்டைக் கெதியாக் கொண்டுவரச் சொல்லி மனைவியின் பெயரைக் கூப்பிடுவார், வழக்கத்தைவிட மரியாதையான குரலில்.