குடைக்கு அடியில் பாருங்கள்!

கே: முப்பது காளான் படம் அனுப்பினேன். ஒன்றுக்குக்கூடப் பெயர் சொல்லவில்லையே? (கோவை)

ப: முப்பதும் மேலிருந்து எடுத்தவை. உச்சந்தலையை மட்டும் காட்டி, ‘இது யார்?’ என்றால் போலீஸுக்கே சிரமம். குடையின் அடியில் மடிப்புகளா, சிறு துளைகளா? தண்டில் வளையம் உண்டா? பக்கத்தில் என்ன மரம்? அளவு தெரிய ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கிடக்கட்டும். முக்கியமாகத் தண்டின் அடி. அமானிட்டா இனத்தின் கொலைகாரக் காளான்கள் பலவற்றுக்குக் கிண்ணம் போன்ற உறைதான் துப்பு. அது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். ஒடித்து எடுத்தால் துப்பு காட்டிலேயே தங்கிவிடும். வனத்துறை அனுமதி இல்லையா? பறிக்கவே வேண்டாம். பவுடர் டப்பாக் கண்ணாடியைக் குடைக்கு அடியில் வைத்து, அதில் தெரிவதைப் படமெடுங்கள்.

கே: கொடைக்கானல் பைன் காட்டில், சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு... (திண்டுக்கல்)

ப: அமானிட்டா மஸ்காரியாவாக இருக்கலாம். நச்சு. பைன் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஆசாமி. மரமும் வெளியூர், காளானும் வெளியூர். பொட்டை மட்டும் நம்பாதீர்கள். முளைக்கையில் மூடியிருந்த உறையின் துணுக்குகள் அவை. ஒரு நல்ல மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

கே: சோலைக்குள் ஒரே இருட்டு. ஃபிளாஷ் போடலாமா? (ஊட்டி)

ப: ஈரக் குடை பளபளத்து, நிறமே பொய்யாகிவிடும். ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், மெதுவான ஷட்டர் போதும். காளான் ஓடாது. ஆடுவது உங்கள் கைதான், அதுவும் அட்டைப்பூச்சி ஏறினால் கேட்கவே வேண்டாம்.

கே: ‘ஸ்போர் பிரிண்ட்’ என்கிறார்களே? (சேலம்)

ப: குடையைத் தண்டிலிருந்து நறுக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்க, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படும்படி வைத்து, டம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் மடிப்பு மடிப்பாக ஸ்போர் எனும் வித்துத் தூள் படிந்திருக்கும். அமானிட்டாவுக்கு வெள்ளை. வெள்ளைத் தாளில் மட்டும் வைத்தால் ஒன்றும் விழவில்லை என்று நினைப்பீர்கள். உங்கள் ஊர்ப் புல்வெளிக் காளானில் பச்சைத் தூள் விழுந்தால், குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

கே: வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் சாப்பிடலாமாமே? (மதுரை)

ப: கரண்டிக்குக் கல்லீரல் கிடையாது. டெத் கேப் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும். நடுவில் தேறிவிட்டது போலத் தெரியும். கல்லீரல் கெட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான்.

கே: நத்தை சாப்பிடுகிறதே? (ஏற்காடு)

ப: சாப்பிடட்டும். அதன் வயிறு வேறு.

கே: செல்போன் செயலி 92 சதவீதம் உறுதி என்கிறது. சமைக்கலாமா? (சென்னை)

ப: செயலியை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.