மாமியார் முன்னிலையில் மனநலம்

கர்ப்பிணியின் உடம்பில் நம் சுகாதாரத் துறை அளக்காத இடமில்லை. ரத்தம் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் சோகை. பிரஷர் 140/90 தொட்டால் ஹைரிஸ்க். எடை, சர்க்கரை, உப்பு எல்லாவற்றுக்கும் அட்டையில் ஒரு கட்டம். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்காவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய வேண்டும்.

மனசை மட்டும் விட்டுவிடுவோமா? சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டம். மேசைக்கு எதிரே ஏழு மாத வயிறு. தோளை இடித்துக்கொண்டு மாமியார். தூணோரம் புருஷன், கையில் செல்போன்.

“வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?”

“அவளுக்கென்ன குறை? ராணி மாதிரி வச்சிருக்கோம்.” பதில் மாமியாருடையது.

“வீட்டுக்காரர் குடிப்பாரா?”

தூணோரம் ஒரு தலை நிமிர்ந்தது.

“இல்லங்க சிஸ்டர்.”

டிக். அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போன நான்கு விரல் தடம். பிரஷர் பட்டை அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிரஷர் நார்மல்.

சிஸ்டரைத் திட்டாதீர்கள், பெஞ்சில் இன்னும் நாற்பது பேர். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையைப் பாருங்கள்: அத்தனை பேரிடமும் கேட்டாயிற்று, ஒருத்திக்கும் கவலை இல்லை. சமுதாய வளைகாப்பில் வளையலும் போட்டாயிற்று. இன்னும் என்ன அழுகை?

கேள்விக்குப் பஞ்சமில்லை. தாய்மாரின் மனச்சோர்வை அளக்க 1987இல் வந்த எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா என்று தொடங்கி, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று முடியும். தமிழில் சோதித்துப் பார்த்து 2005லேயே ஆய்விதழில் வந்துவிட்டது. ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம், கரண்டுகூட வேண்டாம். சாத்துவதற்கு ஒரு கதவு போதும். அடி உதை பற்றித் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், கேட்டபின் கைகொடுக்க ஆள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. நம்மிடம் கதவு இருப்பது ஸ்கேன் அறைக்கு. வயிற்றில் இருப்பது பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று அதில் பலகை வேறு. வயிற்றைச் சுமக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்கத்தான் நடு வராந்தா.

நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால், ‘தீராத வயிற்றுவலி’ என்று போலீஸ் தாளில் ஒரு வரி எழுதி, அங்கேயும் ஒரு டிக் போட்டுவிடலாம்.

அதற்கு முன்னால் மனக்கஷ்டம் என்றால் 14416க்குக் கூப்பிடலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். போன்தான் தூணோரம் நிற்கிறவன் கையில் இருக்கிறது.